கதவைக் கழற்றியவர்

"மூணு தடவை கேப்பேன், அவ்வளவுதான். இதுல பயப்பட ஒண்ணுமில்ல."

"என்னன்னு கேப்பீங்க?"

"'இவர் நல்லவரா?'ன்னு கேப்பேன். கூட்டம் 'நல்லவர்'னு சொல்லும். மறுபடி கேப்பேன், மறுபடி சொல்லும். மூணாவது தடவை சொன்னதும் தூக்கிடலாம். அதுக்கு முன்னாடி குடும்பத்துல ஒருத்தர் ரெண்டு வார்த்தை பேசணும். வந்தவங்களுக்கு நன்றி, தெரிஞ்சோ தெரியாமலோ அவர் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க. இது போதும். சில பேர் மைக்கைப் பிடிச்சா விடமாட்டாங்க. வெயில்ல நிக்கிறவங்க வயித்தெரிச்சல் நமக்கெதுக்கும்மா?"

"யாராவது 'இல்லை'ன்னு சொல்லிட்டா?"

பள்ளிவாசலில் இறந்தவர்களை அடக்கும் வேலைகளைப் பார்க்கும் மோதின், பஞ்சு பிய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"எத்தனையோ பேரைத் தூக்கி அனுப்பியிருக்கேன். கோழி திருடுனவனுக்கும் 'நல்லவர்'தான். ரெண்டாம் பெண்டாட்டியை மறைச்சு வச்சிருந்தவனுக்கும் 'நல்லவர்'தான், அதுவும் முதல் பெண்டாட்டி வாயாலயே. அதைச் சொல்லத்தானே வர்றாங்க?"

கினாந்தி தலையாட்டினாள். விடிவதற்குள் அப்பா போய்விட்டார். தம்பி காலிமந்தானில் நிலக்கரிச் சுரங்கத்தில் இருக்கிறான். விமானம் பிடித்து சுரபாயாவில் இறங்கி, இங்கே சிடோவார்ஜோவுக்கு வந்து சேர இருட்டிவிடும். அதுவரை வைத்திருக்க முடியாது, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பெண் பேசுவதா என்று கொஞ்ச நேரம் வாசலில் முணுமுணுப்பு இருந்தது. ஜகார்த்தாவில் கூட்டங்களுக்கு முன்னால் நின்று பேசுவதுதானே இவளுக்கு வேலை என்று யாரோ சொன்னதும் அது அடங்கிவிட்டது.

அது உண்மைதான். கம்பெனி மேலாளர்களுக்குத் தலைமைப் பண்பைச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை. ஹோட்டல் அரங்குகளில், வட்ட மேசைகளுக்கு நடுவே, காதோரம் மைக்கைச் செருகிக்கொண்டு நடந்தபடி பேசுவாள். கீழே இருப்பவர்கள் உண்மையைச் சொல்ல நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுடைய பேர்போன தலைப்பு. இன்றைக்கும் ஒரு வங்கியின் ஆட்களுக்கு அதே வகுப்பு இருந்தது. உதவியாளர் வீனா பார்த்துக்கொள்கிறாள். சற்று முன்னால்தான் செய்தி வந்தது: 'எல்லாம் அருமையா போகுது. ஒரு பிரச்சினையும் இல்ல. நீங்க அப்பாவைப் பாருங்க.' வகுப்புக்கான அட்டைகள் மொத்தமும் ஜகார்த்தா விமான நிலையத்தில் விட்டுவந்த கினாந்தியின் காருக்குள் கிடந்தன. அவற்றை வைத்துத்தான் பாதி வகுப்பு. பதிலுக்கு நன்றி என்று மட்டும் அனுப்பினாள்.

முன்னறையில் அப்பா வெள்ளைக் கஃபன் துணிக்குள் இருந்தார். மேலே அம்மாவின் கல்யாண பாத்திக் துணியை விரித்திருந்தார்கள். சுற்றி உட்கார்ந்து யாசீன் ஓதுகிற பெண்களின் குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா சுலாஸ்த்ரி அழவில்லை. ஓதுகிறவர்களுக்குத் தண்ணீர் போயிற்றா என்று கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருந்தாள்.

வாசலில் யாரோ சத்தமாகப் பேசுவது கேட்டு கினாந்தி வெளியே வந்தாள். அப்பா வேலை பார்த்த ஷூ தொழிற்சாலையின் மனிதவள மேலாளர் பாக் குணாதி; 'பாக்' என்றால் அங்கே ஐயா. கம்பெனி பாத்திக் சட்டை, கக்கத்தில் கறுப்புக் குல்லா. இரண்டு ஆட்களை ஏவி ஒரு பெரிய பூப்பலகையைக் கேட்டுக்குப் பக்கத்தில் நிமிர்த்திக்கொண்டிருந்தார். மூங்கில் கால்கள் சாக்கடை ஓரம் நிற்க மறுத்தன. பலகையில் இரங்கல் தெரிவிக்கும் டைரக்டரின் பெயர் ஒரு முழ உயர எழுத்தில் சிவப்பாக இருந்தது. இறந்தவர் பெயர், ஹர்சோயோ, கீழே வெள்ளையில், பாதியளவில்.

"பூக்காரன் குளறுபடி," என்றார் குணாதி, அவள் பார்வையைப் பார்த்துவிட்டு. "டைரக்டர் மனசு ரொம்ப உடைஞ்சிட்டார், அம்மணி. வரணும்னுதான் இருந்தார். கொரியாவிலேருந்து ஆட்கள் வந்திருக்காங்க."

"பரவாயில்ல, பாக்."

"மூணு பஸ் வருது. காலை ஷிஃப்ட் மொத்தமும். பாக் ஹர்சோயோவுக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

"கட்டாயப்படுத்தி இல்லையே?"

"சேச்சே, கட்டாயம்லாம் இல்ல. அவங்களா ஆசைப்பட்டு வர்றாங்க." குரலைத் தாழ்த்தினார். "வராதவங்க பேரை மட்டும் குறிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன்."

அவள் பலகையின் ஆடும் மூங்கில் காலைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் குணாதி கவலை என்று எடுத்துக்கொண்டார்.

"அந்தக் கேள்வி கேக்குற நேரம் இருக்கே, 'நல்லவரா'ன்னு. அதைப் பத்தி நீங்க யோசிக்கவே வேணாம். பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டாச்சு. நல்லா குரல் உள்ளவங்களா பார்த்து முன்வரிசையில நிறுத்திடுவேன். தெருமுனை வரைக்கும் கேக்கும் பாருங்க."

"ரொம்ப நன்றி, பாக்," என்றாள் கினாந்தி. இப்படிப்பட்டவர்களை மாதம் முழுக்கப் பார்க்கிறவள் அவள். முதல் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் குறிப்பெடுத்துக்கொண்டு, கடைசியில் கைதட்டலை ஆரம்பித்துவைப்பவர்கள். கோபம் வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

பின்கட்டுக்குப் போனாள். அங்கே அண்டை வீட்டுப் பெண்களில் சிலர் வந்தவர்களுக்கான காப்பிக்குச் சர்க்கரைப் பொட்டலம் கட்ட, மற்றவர்கள் நீளவாக்கில் கிடந்த மேசை ஒன்றின் மேல் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அது மேசையில்லை. இரண்டு பீப்பாய்களின் மேல் படுத்திருக்கும் தேக்குக் கதவு. பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தோலையும் காம்பையும் கீழே கூடைக்குள் தள்ளிவிடுவது வசதியாக இருந்தது.

அது அப்பாவின் அறைக் கதவு. உற்பத்தி மேலாளரான வருஷம் அவரை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். தலைவனின் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். ஹர்சோயோ எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். மறுநாளே தச்சரை வரவழைத்துக் கதவைக் கீலோடு கழற்றி, கம்பெனியின் அனுமதியோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "இனிமே யாரும் தட்ட வேண்டியதே இல்ல பாரு," என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வழியாக நடந்தால் பாக் கண்ணில் பட்டுவிடுவோமே, அவர் வேலை கெடுமே என்று ஜனங்கள் பின்பக்க மாடிப்படியைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். நாளாவட்டத்தில் அந்தத் தாழ்வாரத்தில் பூனை மட்டும்தான் நடமாடியது. இதைக் கினாந்தி தன் வகுப்புகளில் சொல்வாள். 'ஒரு ஊரில் ஒரு மேலாளர்' என்று ஆரம்பிப்பாள். பூனை வரும் இடத்தில் அரங்கமே சிரிக்கும். யாருடைய அப்பா என்று சொன்னதில்லை.

அம்மா எழுந்து பின்னாலேயே வந்திருந்தாள்.

"கினா, ஏதாவது வாயில போடுடி. நிக்கிறப்ப மயக்கம் வந்திடப்போகுது."

"பசிக்கலம்மா."

"பசிக்கலேன்னா காப்பியாவது குடி." டம்ளரைக் கையில் திணித்துவிட்டு, அம்மா நறுக்குகிற பெண்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "ஒண்ணு கேக்கட்டுமா? அவருக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"எது?"

"எதுன்னு கேக்காதே."

கணையத்தில் புற்று என்று டாக்டர் சொன்னபோது அறையில் இருந்தது அம்மாவும் கினாந்தியும்தான். வயிற்றில் புண், மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும் என்று வெளியே உட்கார்ந்திருந்தவரிடம் வந்து சொன்னார்கள். யார் அப்படி முடிவு செய்தது என்று இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. இரண்டு பேரும் கலந்து பேசவே இல்லை. அறையிலிருந்து வெளியே வருவதற்குள் இரண்டு முகமும் தானாகவே சரியாகிவிட்டிருந்தன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவர் கேட்பார். "என்ன கினா, ரிப்போர்ட் என்ன சொல்லுது?" போனிலானாலும் நேரிலானாலும் அவள் சொல்வது ஒன்றுதான். "ஆறிட்டு வருதுப்பா. பிரச்சினை இல்ல." கடைசியாகக் கேட்டபோது அவர் அவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஒருமுறை அசைத்து, "நல்லது. எல்லாரும் போய் வேலையைப் பாருங்க," என்றார்.

தொழிற்சாலை முற்றத்தில் காலைக்கூட்டத்தை அவர் கலைக்கிற வாக்கியம் அது. சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு அவரோடு போய்ப் பார்த்திருக்கிறாள். நூற்றுக்கணக்கான நீலச் சட்டைகளுக்கு முன்னால் சின்ன மரப்பெட்டி மீது ஏறி நின்று, "பிரச்சினை ஏதாவது உண்டா?" என்று கேட்பார். "இல்லை, பாக்!" என்று முற்றம் அதிரும். புறாக்கள் பறக்கும். அவர் முகம் மலரும். நல்லது, எல்லாரும் போய் வேலையைப் பாருங்க.

"தெரியாதும்மா," என்றாள் கினாந்தி. "அவருக்கு எதுவும் தெரியாது."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரி," என்றாள். "இன்னொண்ணும் இருக்கு. முந்தாநாள் அந்தத் துமினியைக் கூப்பிடச் சொன்னாரு. நாலாவது லைன்ல சூப்பர்வைசரா இருந்தாளே, அவளை. நான் அவ ஊருக்குப் போயிட்டாள்னு சொல்லிட்டேன்."

"போயிட்டாங்களா?"

"எங்க போறா? முக்குல பஜ்ஜிக் கடை போட்டிருக்கா. அவளைப் பார்த்தா மறுபடி அதையே பேசி ராத்திரி தூங்க மாட்டாருன்னுதான்..." அம்மா தலைத்துணி முனையால் கதவின் ஓரத்தைத் துடைத்தாள். அங்கே துடைக்க ஒன்றுமில்லை.

அதையே என்பது எது என்று இந்த வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஹர்சோயோ தன் அறையில் உட்கார்ந்திருக்கிறவரும் இல்லை. காலைக்கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு லைனாக நடப்பார். இடத்துக்குப் போய்க் கண்ணால் பார்க்கிறவன்தான் தலைவன் என்பதும் ஒரு பயிற்சியில் கற்றதுதான். நாலாவது லைனில் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் வேலை. புதுப் பசை வந்ததும் தலைசுற்றல் ஆரம்பித்தது. காற்றை வெளியே இழுக்கும் விசிறிகளில் பாதி ஓடவில்லை. ஏற்றுமதிக் கெடுவை நினைத்து பாக் ஏற்கெனவே இளைத்துப்போயிருக்கிறார், இதை வேறு சொல்லி அவரை ஏன் நோகடிப்பது என்று லைனில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவர் நடந்து வருவதற்குச் சற்று முன்னால் பெரிய கதவுகளைத் திறந்துவிடுவார்கள். தரையைப் பைன் வாசனைத் திரவம் போட்டுத் துடைப்பார்கள். அவர் வந்து மூச்சை ஆழமாக இழுத்துப் பாராட்டிவிட்டுப் போவார். "நாலாவது லைன்ல நடந்தா மலைக்காட்டுல நடக்கிற மாதிரி இருக்கு," என்று வீட்டில் சொல்லுவார்.

ஒரு மத்தியானம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து தலையைக் கவிழ்த்திருந்த பெண்களைப் பார்த்தார்கள். ஆர்டர் நின்றது. இரண்டு லைன்களை மூடினார்கள். கடைசி நாளன்று கேட்டருகே நின்று ஹர்சோயோ போகிறவர்கள் எல்லாருக்கும் கை கொடுத்தார். ஒவ்வொருவரும் அந்தக் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "நன்றி, பாக்," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு அவரும் வேலையை விட்டுவிட்டார். வீட்டில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரைக் குற்றம் சொல்லியும் அல்ல. விடுகதைக்கு விடை தெரியாத குழந்தை மாதிரி. "நான் கத்துற ஆளா, கினா? யாரையாவது திட்டியிருக்கேனா? சொல்லியிருந்தா நான் என்ன பண்ணிடுவேன்னு நினைச்சாங்க?" நாளுக்கு நாலு பேருக்கு இதையே பாடமாக நடத்துகிறவள் அவள். பயத்தால் வாய்மூடுகிறவர்களைப் பற்றி அவளிடம் நிறையப் படங்களும் அம்புக்குறிகளும் இருந்தன. அவற்றில் ஒன்றும் அப்பாவுக்குப் பொருந்தவில்லை.

துமினி வருவாளா என்று இப்போது அவள் மனம் அலைந்தது. அப்பா கேட்க நினைத்ததை, அவர் இந்த வீட்டை விட்டுப் போவதற்குள், அவர் இருக்கிற இடத்தில் வைத்துக் கேட்டுவிட வேண்டும். மண்ணுக்குள் வைத்த பிறகு கேட்டு என்ன?

பஸ்கள் வந்தன. நீலச் சட்டைகள் இறங்கி, குணாதி கை காட்டிய இடத்தில் வரிசையாக நின்றார்கள். பாதிப்பேர் அப்பாவைப் பார்த்திராத புதுப் பிள்ளைகள். கொஞ்ச நேரம் கழித்து மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்து, தெருவுக்கு எதிர்ப்புறம் பூட்டிய கடையின் தகரத் தாழ்வாரத்தின் கீழ் நின்றன. அவற்றிலிருந்து இறங்கியவர்கள் யாரும் சீருடையில் இல்லை. துக்க வீட்டு வழக்கப்படி பெண்கள் துணியில் முடிந்த பாத்திரங்களில் அரிசி கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே வராமல் அங்கேயே நின்றார்கள்.

"அவங்க அங்கயே இருக்கட்டும்," என்றார் குணாதி, கினாந்தியின் காதோரம். "ஹெட் ஆபீஸுக்கு போட்டோ அனுப்பணும். கலர் கலரா சட்டை போட்டு நின்னா நல்லாருக்காது."

கினாந்தி தண்ணீர்க் குவளைகள் இருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

"அய்யய்யோ, நீங்க எதுக்குத் தூக்குறீங்க?" என்று ஒல்லியான மனிதர் ஒருவர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். மூடிய லைனில் மெக்கானிக்காக இருந்த நத்மின். "டேய், பாக்கோட பொண்ணுடா. சிகரெட்டைக் கீழ போடு."

"எல்லாரும் உள்ள வாங்களேன்."

"உள்ள இடமேது? மூணு பஸ் ஆள் நிக்குது," என்றார் நத்மின். "எங்களுக்கு ஒரு தடவை பஸ் விட்டாங்க. வேலையை விட்டு அனுப்புனப்ப. அப்பக்கூட ஏசி இல்ல."

"இதுக்கு இருக்கு போல," என்றான் பக்கத்திலிருந்தவன். "கண்ணாடி எல்லாம் மூடியிருக்கு பாரு."

"வாயை மூடுங்கடா ரெண்டு பேரும். எங்க வந்து நின்னு என்ன பேசுறீங்க?"

அதட்டியது துமினி. கட்டையான உருவம். எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் நின்று கன்னம் இரண்டும் கறுத்திருந்தது. அரிசிப் பாத்திரத்தைக் கினாந்தியிடம் நீட்டினாள். இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகள் சூடாக இருந்தன.

"நேத்துகூட முக்குல உங்கம்மாவைப் பார்த்தேன். எப்படி இருக்காருன்னு கேட்டேன். நல்லாருக்காருன்னாங்க."

"ஆமாக்கா. அம்மா அப்படித்தான்."

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு வந்திருந்தாரு. வந்தோமா, சாப்பிட்டோமா, போனோமான்னு இல்ல. நாற்காலி எல்லாம் மடிச்சு வண்டியில ஏத்துற வரைக்கும் உக்காந்திருந்தாரு. கடைசியில அவரு உக்காந்திருந்த நாற்காலியை அவரே மடிச்சுக் குடுத்தாரு." துமினி வீட்டு முற்றத்தைப் பார்த்தாள். "அவ்வளவு நல்ல மனுஷன்."

"அக்கா," என்றாள் கினாந்தி. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்து, பாங்கு ஆரம்பித்தது. ஆண்கள் கலைந்து நடந்தார்கள். துமினி கையை விட்டுவிட்டாள்.

பள்ளிவாசலில் தொழுகை முடிந்து அப்பாவை மீண்டும் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தபோது வெயில் உச்சியில் நின்றது. பச்சை வெல்வெட் போர்த்திய சந்தூக்குப் பெட்டியை நாற்காலிகள் மீது இறக்கிவைத்தார்கள். மோதின் மைக்கை அவளிடம் தந்தார்.

அரங்குகளில் காதோரம் செருகிப் பழகிய பொருள். இன்று கையில் கனத்தது. வந்தவர்களுக்கு நன்றி சொன்னாள். அப்பா தெரிந்தோ தெரியாமலோ யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னித்துவிடச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசை நீலச் சட்டைகள் மெல்லத் தலையாட்டுவது தெரிந்தது. அவள் வகுப்புகளிலும் அப்படித்தான் ஆட்டுவார்கள். இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஜமாஅத்தாரே, மறைந்த ஹர்சோயோ நல்லவரா?"

"நல்லவர்!"

முற்றம் அதிர்ந்தது. குணாதி சொன்னது வீண்போகவில்லை. ஒரே குரலாக, ஒரே வீச்சில், ஒரு முனைகூட மழுங்காமல் வந்தது. எதிர்வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த துணிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை எட்டிப்பார்த்தது.

"நல்லவரா?"

"நல்லவர்!"

இந்த முறை அவள் எதிர்ப்புறத்தைப் பார்த்தாள். தகரத் தாழ்வாரத்தின் கீழ் நின்றவர்கள் எப்போது தெருவைக் கடந்தார்களோ, கேட்டுக்குள் வந்து சுவரோரமாக நின்றிருந்தார்கள். நத்மின் உதடுகள் அசைந்தன. துமினியின் உதடுகள் அசையவில்லை. அவள் சந்தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூன்றாம் முறையாகக் கேட்கிறேன், நல்லவரா?"

"நல்லவர்!"

சத்தம் அடங்கி, மோதின் துஆவுக்காகக் கையை உயர்த்தப்போன அந்தச் சின்ன இடைவெளியில், பின்னாலிருந்து ஒற்றைப் பெண்குரல் தாமதமாக வந்தது. "நல்லவர்." பாதிப்பேருக்குக் கேட்டிருக்காது. சிலர் திரும்பிப் பார்த்து, யாரோ வரிசை தப்பியவள் என்று மறுபடி முன்னால் பார்த்தார்கள். குணாதியின் புருவம் சுருங்கியது. அவருடைய ஆள் போட்டோவை எடுத்து முடித்திருந்தான்.

தூக்குகிறவர்கள் வந்தார்கள். சந்தூக்கு தோள்களுக்கு உயர்ந்தது.

"அப்படியே கொஞ்சம் பிடிங்கப்பா, குடும்பத்துக்காரங்க கீழ நுழைஞ்சு வரட்டும்," என்றார் ஒரு பெரியப்பா.

"இதெல்லாம் மார்க்கத்துல இல்ல," என்று மோதின் முணுமுணுத்தார்.

"எங்கப்பாவுக்கும் செஞ்சோம், எங்க தாத்தாவுக்கும் செஞ்சோம். மூணே தடவைதான். நீங்க அந்தப் பக்கம் பாருங்க."

மோதின் நிஜமாகவே அந்தப் பக்கம் பார்த்தார்.

அம்மா முதலில் குனிந்தாள். சித்தி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் கினாந்தி. தலைக்கு மேல் அப்பா. பச்சை வெல்வெட்டின் ஓரம் கூந்தலில் உரசியது. உள்ளே ஒரு கணம் வெயில் இல்லை. கற்பூர வாசனை இருந்தது. தூக்கியிருந்தவர்களின் வியர்வை வாசனையும் இருந்தது. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து, திரும்பி, மறுபடி நுழைந்தார்கள். மூன்றாவது முறை அந்தப் பக்கம் வெளியே வந்து நிமிர்ந்தபோது, கையெட்டும் தூரத்தில் துமினி நின்றாள்.

அம்மா சித்தியோடு விலகிப் போய்விட்டாள். வழியை விட்டு நகர வேண்டியது கினாந்தி மட்டும்தான். அவள் சந்தூக்குக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அக்கா, முந்தாநாள் அப்பா உங்களைக் கூப்பிட்டாரு. நாங்கதான் உங்களுக்குச் சொல்லல. நீங்க ஊருல இல்லேன்னு அவர்கிட்ட சொல்லிட்டோம்."

துமினியின் கை மெல்ல உயர்ந்து தன் வாயைப் பொத்திக்கொண்டது.

"கோபமா கூப்பிடல. கேக்குறதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. சொல்லியிருந்தா தான் என்ன பண்ணியிருப்பேன்னு நீங்க எல்லாம் நினைச்சீங்கன்னு."

"தங்கச்சி, வழியை விடும்மா," என்றார் யாரோ. "வெயில் ஏறுது."

"கினாந்தி," என்று குணாதி சிரித்த முகத்தோடு நெருங்கி வந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"எனக்குப் பதில் வேண்டாம், அக்கா. எனக்குத் தெரியும். நானும் அவர்கிட்ட அதைத்தான் செஞ்சேன்." சந்தூக்கு இருந்த பக்கம் தலையைத் திருப்பிக் காட்டினாள். "அவர்கிட்ட சொல்லுங்க. கிட்டப் போய், மெதுவா. தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை."

துமினி வாயிலிருந்து கையை எடுத்து ஓர் அடி கிட்ட வந்தாள். தூக்கியிருந்தவர்கள் கனம் தாங்காமல் தோள் மாற்றிக்கொண்டார்கள். வெல்வெட்டின் மேலிருந்து தொங்கிய மல்லிகைச் சரம் அந்த அசைவில் ஆடி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து, நேராக நின்றது.